வடகிழக்கு மூலையில் மட்டும் கோரை

கோரையை ஒழிப்பது ஏன் கஷ்டம் என்று உத்தமர்சீலி கிராமத்து வள்ளிக்கண்ணுவிடம் கேட்டால், வாயால் சொல்லமாட்டாள். களைக்கொத்தை எடுத்து மண்ணைக் கிளறிக் காட்டுவாள். மேலே நாலு இலைதான் தெரியும். பிடுங்கினால் இலை கையோடு வந்துவிடும். கிழங்கு உள்ளேயே இருந்துகொள்ளும். கொத்தினால் கிழங்குச் சரம் அறுந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும்.

இருபத்தாறு வருடம் அடுத்தவர் வாழைத் தோட்டங்களில் குனிந்தே களை எடுத்தவள் அவள். பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தால் கிடைக்கிற கூலியைப் போல இரண்டு மடங்கு, அரை நாள் களைக்கொல்லி அடித்துவிட்டுப் போகும் ஆணுக்குக் கிடைக்கும். கேட்டால், "மருந்து விஷமாச்சே" என்பார்கள். அந்த விஷம் விழுந்த மண்ணுக்குள் மறுநாள் வெறுங்கையை விடுகிறவள் யார் என்று எவரும் கேட்டதில்லை.

நாற்பத்தாறாவது வயதில் அவளுக்கு முதன்முதலாக ஒரு வயல் குத்தகைக்குக் கிடைத்தது. மற்ற எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கிய வயல் என்பதால்தான் கிடைத்தது. கொள்ளிடக் கரையை ஒட்டி ஓர் ஏக்கர். ஸ்ரீரங்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ரெங்கராஜுக்குச் சொந்தம். அவருடைய அப்பா அங்கிருந்த பாம்புப் புற்றை இடித்தாராம். அது நாகதோஷமாகி, கோரையாக முளைக்கிறதாம். மூன்று பேர் எடுத்துப் பார்த்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"தை வரைக்கும் பாருங்க வள்ளிக்கண்ணு. கோரைய அடக்கிட்டீங்கன்னா மூணு வருஷத்துக்கு நீங்களே வச்சுக்குங்க. இல்லன்னா பிளாட் போடுறவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, குடுத்துடுவேன்" என்றார் ரெங்கராஜ். அவளைவிட எட்டு வயது இளையவர். கணவனும் பக்கத்தில் நின்றதால் 'நீங்க'. அவள் தனியாக நின்றால் 'நீ'.

அவளிடம் ஒரு வழி இருந்தது. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் லால்குடிப் பக்கம் ஒரு பண்ணைக்குக் களை எடுக்கப் போயிருந்தாள். களை வராது என்று சொல்லி அங்கே கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தார்கள். கோரை அதை ஊசியாகக் குத்திக்கொண்டு வெளியே வந்து நின்றது. ஆனால் மோட்டார் கொட்டகை ஓரமாக யாரோ போட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டி ஒன்று மழையில் நனைந்து மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். அடியில் கோரைமுளை வெளுத்து, மேலே போக வழியில்லாமல் மடங்கி மடங்கிக் கிடந்தது. ஈர அட்டை குத்துக்கு இடம் கொடுக்கவில்லை. வெயில் படாத முளை கிழங்கில் இருக்கும் சத்தைத் தின்றே தீர்த்துவிட வேண்டும். பிறகு கிழங்கு என்ன செய்யும்? இதைத்தான் அவள் இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் வீரமலை காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். பாலக்கரையில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் ஆபிதாவிடம் அவளை அழைத்துப் போனான்.

"எவ்ளோ அட்டை வேணும்க்கா?"

"ஒரு ஏக்கருக்கு."

ஆபிதா தராசை விட்டு நிமிர்ந்தாள். "இத்தனை வருஷத்துல அட்டைய ஏக்கர் கணக்குல கேட்டு வந்தது நீங்கதான். எதுக்கு?"

"கோரைக்குப் போத்திவிடணும்."

"யா அல்லா, புல்லுக்குக் குளிருதாமா!" என்று சிரித்தவள், விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உள்ளே போனாள். "நனைஞ்சு போன அட்டைய மில்லுல எடுக்கமாட்டாங்க. அது மொத்தமும் ஓரமாக் கெடக்கு, அள்ளிக்கிட்டுப் போங்க. பளபளன்னு இருக்கறத மட்டும் எடுக்காதீங்க, அதுல பிளாஸ்டிக் பூசியிருக்கும், மக்காது. டேப்பையும் உரிச்சுடுங்க."

குட்டியானை வண்டியில் ஏழு நடை அட்டை வந்தது. வைகாசியில் ரஸ்தாளிக் கன்று நட்டு, கன்றைச் சுற்றி ஒரு சாண் விட்டு, மீதி மண் தெரியாமல் அட்டையை விரித்து, மேலே வாழைச் சருகைப் பரப்பினார்கள். அவளோடு களைக்குப் போன பெண்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஏண்டி வள்ளி, வாழைய பார்சல் கட்டுறியா? எந்த ஊருக்கு?"

"உங்க வீட்டுக்குத்தான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்க."

முதல் மாதம் சிரித்தவர்கள் பக்கம்தான் ஜெயித்தது. அட்டையும் அட்டையும் சேர்கிற இடுக்கிலெல்லாம் கோரை வரிசை கட்டி வந்தது. குறுக்கே நடக்கிற முளை வெளிச்சத்தைத் தேடி இடுக்குக்கு வந்துவிடுகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கம் பக்கமாக வைத்தது தப்பு. ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். மறுபடியும் ஆபிதா கடை. இந்த முறை பிரிட்ஜ் வந்த பெரிய பெட்டிகள். ஒரு முழம் ஏற்றி ஏற்றி முழு வயலையும் திரும்ப மூடினாள்.

ஆடி வெள்ளியன்று ரெங்கராஜ் பூசாரியோடு வந்தார். தோஷம் கழிக்க வடகிழக்கு மூலையில் பூஜை. பூசாரி அட்டையைக் காலால் தள்ளிவிட்டு, "இங்க மண்ணு முகம் தெரியணும். ஒரு மண்டலத்துக்கு மூடக்கூடாது" என்றார்.

"நாப்பத்தெட்டு நாள் தொறந்து கெடந்தா அந்த எடத்துல கோரை வரும் சார்" என்றாள் வள்ளிக்கண்ணு, ரெங்கராஜைப் பார்த்து.

"சாமி காரியத்துல குறுக்க பேசாத. இந்தப் பூஜையிலதான் தோஷமே போகப்போவுது."

அவள் நான்கு சென்ட் இடத்தில் அட்டையை எடுத்தாள். எடுத்துவிட்டு, அந்த மூலையைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினாள், அங்கிருந்து வேர் தன் பக்கம் வராதபடி. எலுமிச்சம்பழமும் குங்குமமும் கிடந்த மண்ணில் பத்தாவது நாளே பச்சை தெரிந்தது. மண்டலம் முடிந்தபோது அது பாய் விரித்தது போல் இருந்தது.

"இப்பவாவது மூடிடு" என்றான் வீரமலை. "வந்ததும் அதான் அவரு கண்ணுல படும். வயல் போயிடும்."

"கெடக்கட்டும். மூடிட்டேன்னா, பூஜையால போச்சுன்னு பேராயிடும். அடுத்த வருஷம் வயலு முழுக்கத் தொறக்கச் சொல்லுவாரு."

சொன்னாளே தவிர, அவன் சொன்னதும் நடக்கக் கூடியதுதான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பார்வையில் முடிவு கட்டுகிறவர்கள் கையில்தானே நிலம் இருக்கிறது.

தை பிறந்து மூன்றாம் நாள் ரெங்கராஜ் வந்தார். வண்டி நிறுத்துகிற இடம் வடகிழக்கு மூலை. இறங்கியதுமே பார்த்தார்.

"அவ்வளவுதான் வள்ளிக்கண்ணு. பூஜை போட்டும் தீரலன்னா இந்த மண்ணுக்கு விமோசனம் கெடையாது. நான் பிளாட்காரங்களுக்குப் போன் பண்ணிடறேன்."

"பண்ணுங்க சார். அதுக்கு முன்னாடி இந்தப் பள்ளத்தைத் தாண்டி வாங்க."

அவர் தாண்டினார். ரஸ்தாளி ஆளுயரத்துக்கு மேல் நின்றது. காலடியில் சருகு, சருகுக்குக் கீழே பாதி மக்கி மண்ணோடு சேர்ந்த அட்டை. அவர் அப்படியே தென்கோடி வரை போனார். வழியில் ஐந்தாறு கோரைக்கு மேல் காணவில்லை. வள்ளிக்கண்ணு ஓரிடத்தில் கொத்தினாள். கிழங்குகள் கறுத்து வந்தன, நசுக்கியதும் கூழாயின. ஒன்று மட்டும் வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. அதையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எல்லாம் செத்துடுச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் அட்டை போட்டா அடங்கும். ஒரே மண்ணு, ஒரே தண்ணி. நான் மூடின எடத்துல தோஷம் எங்க சார் போச்சு? தொறந்து விட்ட எடத்துல மட்டும் எப்படி வந்துச்சு?"

ரெங்கராஜ் மூலையைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த கிழங்கைப் பார்த்தார். "சரி, மூணு வருஷம் வச்சுக்குங்க. வீரமலை பேர்ல எழுதிடறேன்."

"வேணாம் சார்" என்றான் பின்னாலேயே வந்த வீரமலை. "எம் பேர்ல எழுதினா கோரை பயப்படாது. அவ பேர்ல எழுதுங்க."

ரெங்கராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அவருடைய கடையில் வைத்து ஒப்பந்தம் தயாரானது. குத்தகைதாரர் வள்ளிக்கண்ணு. அவள் எட்டாவது வரை படித்தவள். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். கடைக்கு வந்தவர்கள் ஆணி வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் படித்தாள்.

"என்ன, ஏதாவது விட்டுப் போச்சா?" என்று கேட்டார் ரெங்கராஜ்.

"ஒரு வரி சேருங்க சார். என்னைக் கேக்காம அட்டை மூடாக்கை யாரும் எடுக்கக் கூடாது."

"நான் கூடவா?"

"நீங்கதான் சார் எடுக்க வச்சீங்க."

அவர் பேனாவை எடுத்து அந்த வரியை எழுதினார். மை காயும் வரை காத்திருந்து, அவள் கையெழுத்துப் போட்டாள்.