உண்டியல் அக்கா மறுத்த நன்கொடை

எங்கள் ஆய்வு மையத்தில் அவரை யாரும் பதவிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகவரி அட்டையில் 'நன்கொடையாளர் தொடர்பு அலுவலர்' என்றிருக்கும். எங்களுக்கு அவர் உண்டியல் அக்கா. யார் வைத்த பெயர் என்று தெரியாது. அவரே ஒருநாள் தொலைபேசியை எடுத்து, "ஆமா, உண்டியல்தான் பேசுறேன், சொல்லுங்க" என்றார். அதோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாடுகளோடு நம் அரசு எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்வோம். அறிக்கை எழுதுவோம். அதைத் தூக்கிக்கொண்டு அமைச்சகத்துக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் அலைந்து, இதை மாற்றுங்கள் என்று வாதாடுவோம். அரசிடம் காசு வாங்குவதில்லை. வாங்கினால் அரசைக் குறை சொல்ல வாய் வராது. ஆகவே நன்கொடையில்தான் பிழைப்பு. வாசலில் 'இயக்குநர்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, சினிமாவில் நடிக்க வாய்ப்புக் கேட்டு அவ்வப்போது யாராவது மாடியேறி வருவார்கள். அக்கா அவர்களையும் உட்காரவைத்து, டீ கொடுத்து, எங்கள் வேலையை விளக்குவார். அப்படி வந்த ஒருவர் போகும்போது நன்கொடை கொடுத்துவிட்டே போனார்.

எங்களிடம் வருவதற்கு முன் அக்கா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருந்தவர். "பல்லு பிடுங்க வந்தவங்களையே சிரிக்க வெச்சிருக்கேன். பணம் குடுக்கறவங்க எம்மாத்திரம்?" என்பார்.

அந்த வருடம் நாங்கள் கையிலெடுத்தது எல்லை தாண்டிச் சிகிச்சைக்குப் போகும் நோயாளிகளின் அவதியை. பக்கத்து நாட்டின் பெரிய மருத்துவமனை, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் விசாவுக்குத் தலைநகர் வரை போய் வாரக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். எல்லைச் சாவடியிலேயே அன்றைக்கே அனுமதி கொடுக்க இரண்டு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டால் போதும் என்பது எங்கள் வாதம். பாதி வேலை முடிந்திருந்தபோது, எங்களை நெடுநாள் தாங்கிவந்த அறக்கட்டளை, இனி பள்ளிக்கூடங்களுக்கு மட்டும்தான் உதவி என்று கையை விரித்துவிட்டது.

அக்கா இயக்குநரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். எங்கள் இயக்குநர் பெரிய படிப்பாளி, தங்கமான மனிதர். வாயைத் திறந்தால் மட்டும் அறிக்கைதான் வரும். முதலில் பார்த்தது ஒரு டைல்ஸ் தொழிற்சாலை முதலாளியம்மாவை.

"இருதரப்புப் பொறிமுறைகளை நாம் வலுப்படுத்தணும்" என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

"அது எந்த மாதிரி மெஷின் சார்? எவ்வளவு ஆகும்?" என்று அக்கறையாகக் கேட்டார் அந்தம்மா.

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்க, இயக்குநரும் சிரித்துவிட்டார். பிறகு அக்கா, கணவனின் டயாலிசிஸுக்கு விசா வராமல் பாலத்தருகே காத்துக் கிடந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். முதலாளியம்மா மேசை இழுப்பறையைத் திறந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

ஆனாலும் அது போதவில்லை. அப்போதுதான் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தின் அதிபர் கூப்பிட்டனுப்பினார். கால் புதையும் கம்பளம் விரித்த அறை. வருடச் செலவு முழுவதையும் தானே ஏற்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அறிக்கையில சின்னதா ஒரு மாத்தம். அன்னைக்கே அனுமதிங்கறது எங்களோட கூட்டு வெச்சிருக்கற ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு மட்டும்னு போட்டுருங்க."

இயக்குநர் அக்காவைப் பார்த்தார். அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஐயா, பெரிய மனசு உங்களுக்கு. ஆனா எங்க கடையில இருக்கறது ஒரே சரக்குதான். இவங்க எழுதறத யாரும் விலைக்கு வாங்க முடியாதுன்னு ஒரு பேரு. அதையே உங்ககிட்ட வித்துட்டா, நாளைக்கு நான் யார் முன்னாடி போய் நிக்கறது? அந்த வரி வேணாங்க. பணமும் வேணாம்."

இருவரும் லிஃப்டில் இறங்கினார்கள்.

"நல்லா சொன்னீங்கம்மா" என்றார் இயக்குநர்.

"சொல்றதெல்லாம் நல்லாத்தான் சொன்னேன் சார். சம்பளத்துக்கு என்ன பண்ணப் போறோம்?"

அடுத்த மாடியில் ஏறியவர்கள், இரண்டு பேர் காரணமில்லாமல் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்து ஓரமாக ஒதுங்கி நின்றார்களாம்.

வீட்டில் அக்காவின் கணவர் மின்விசிறி, மிக்சி பழுதுபார்ப்பவர். விஷயத்தைக் கேட்டதும் அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "வந்த பணத்த வேணாம்னுட்டியா? நீயா? ஜுரம் கிரம் இல்லையே?"

"கேலி பண்ணாதீங்க. இத்தன நாளா பணக்காரங்கள மட்டுமே தேடிப் போயிருக்கேன். அந்தப் பாலத்த நம்பி எத்தன பேரு இருக்காங்க! அவங்கள ஒரு வார்த்த கேக்கவே இல்லையே."

மறுநாளே எல்லை ஊருக்குப் புறப்பட்டார். பஸ் கம்பெனிக்காரர், விடுதி நடத்தும் சகோதரிகள், மருந்துக் கடைக்காரர்கள், நோயாளிகளின் உறவினர்கள் என்று எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மாடிக்கு வரவழைத்தார். மேசைகளைச் சுவரோரம் தள்ளினோம். கண்ணாடிக் கடையிலிருந்து நாற்காலிகளைக் கடன் வாங்கினோம்.

"சார், அறிக்கை பாஷை வந்துச்சுன்னா நான் இருமுவேன். உடனே திருத்திக்கணும்" என்று இயக்குநரிடம் சொல்லிவைத்தார். கூட்டத்தில் அவர் இருமிய இருமலுக்கு, மருந்துக் கடைக்காரர் ஒருவர் பையிலிருந்து மாத்திரையே எடுத்து நீட்டிவிட்டார்.

ஆனால் பஸ் கம்பெனிக்காரர், "இப்படித் திறந்து விட்டா நோயும் சேர்ந்து வந்துரும்னு அரசாங்கத்துல சொல்வாங்களே?" என்று கேட்டபோது அக்கா இயக்குநர் பக்கம் திரும்பினார். இயக்குநர் எழுந்தார். கையில் ஒரு தாள்கூட இல்லாமல், நோயாளியைத் தடுத்தால் அவர் திருட்டுத்தனமாக ஆற்றைக் கடப்பார், சாவடியில் அனுமதித்தால் பரிசோதித்து அனுப்பலாம் என்று பச்சைக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. அக்கா இருமவே இல்லை. அன்று வந்தவர்கள் அத்தனை பேரும் மாதாமாதம் தங்களால் முடிந்ததைத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அறிக்கை ஒரு வரிகூட மாறாமல் வெளிவந்தது.

நாடாளுமன்றக் குழு எங்களை அழைத்து விசாரித்தது. விசாரணையைப் பார்க்க எல்லை ஊரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். உறுப்பினர்கள் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டேதான் கேள்வி கேட்டார்கள். அடுத்த கோடையில் இரண்டு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

சாவடி திறந்த அன்று குடும்பத்தோடு பாலத்துக்குப் போனோம். சிகிச்சை முடிந்து அன்றைக்கே திரும்பிய ஒரு பெரியவர், பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து இருக்கைக்காக மனைவியோடு சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சண்டை எங்கள் எல்லோர் காதுக்கும் அவ்வளவு இனிமையாக இருந்தது.

இயக்குநர் அக்காவிடம் மெல்லக் கேட்டார். "இவங்ககிட்ட நன்கொடை கேக்கலையா?"

"போங்க சார். எனக்கும் லீவு உண்டு."

சொல்லிவிட்டு, பாலத்தின் நடுவில் போட்டிருந்த எல்லைக் கோட்டின் இருபுறமும் நாட்டுக்கு ஒரு காலாக ஊன்றி நின்றுகொண்டு, "சீக்கிரம் எடுங்க!" என்று கணவரைப் பார்த்துக் கத்தினார். இந்தப் பக்கத்துக் காவலர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அந்தப் பக்கத்துக் காவலர், படத்தில் தானும் விழ வேண்டும் என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.