ஒரே போனில் இரண்டு பேர்

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் ரஞ்சிதா வேலை பார்த்தாள். போனில் ஆடும் ஆடுபுலி ஆட்டம்தான் அந்தக் கம்பெனியின் பிழைப்பு. பண்டிகைக்குப் பண்டிகை அதில் போட்டி வைப்பார்கள். யாருக்கு எவ்வளவு புள்ளி, யார் எந்த இடம், யாருக்கு என்ன பரிசு என்று விதி எழுதுவது ரஞ்சிதாவின் பொறுப்பு. பலமான ஆளை ஜெயித்தால் அதிகப் புள்ளி, புது ஆளை ஜெயித்தால் குறைவு என்று அவள் வைத்த முறையை ஆடுகிறவர்களே மெச்சினார்கள்.

தீபாவளிப் போட்டியில் ஒருத்தன் ஒரே போனில் பல பெயர்களில் நுழைந்து, தன்னிடமே தோற்றுத் தோற்றுப் புள்ளியை ஏற்றி முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். எல்லோரும் கம்பெனியைத் திட்டினார்கள். அதனால் பொங்கல் போட்டிக்கு ரஞ்சிதா புது விதி போட்டாள். ஒரே போனிலிருந்து இரண்டு பேர் பரிசு வரிசைக்குள் வந்தால் இரண்டு பேரும் நீக்கப்படுவார்கள். பெயருக்கு நேரே சிவப்பில் ‘மோசடி’ என்று வரும்.

எழுதும்போதே உறுத்தியது. ஒரு வீட்டில் ஒரே போனை வைத்து இரண்டு பேர் நேர்மையாக ஆடினால்? அவர்கள் தங்களுக்குள் மோதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நீக்கும்படி செய்யலாம். ஆனால் போட்டி நெருங்கிவிட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

முடிவு அறிவித்த அன்று மூன்றாம் இடத்திலிருந்த உண்ணாமலையும் ஒன்பதாம் இடத்திலிருந்த சண்முகப்பிரியாவும் சிவப்பானார்கள். எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்யும் அண்ணியும் நாத்தனாரும் அவர்கள். சண்முகப்பிரியா புகார் எழுதினாள். ‘முடிவு இறுதியானது’ என்று எல்லோருக்கும் போகிற பதிலையே ரஞ்சிதா அனுப்பினாள். அடுத்து ஒரு குரல் பதிவு வந்தது.

“மேடம், எங்க ஊட்ல ஒரே போனுதானுங்க. அண்ணியும் நானும் மாத்தி மாத்தி ஆடுவோம். பரிசு வேண்டாங்க. அந்தச் செவப்பு எழுத்தை மட்டும் எடுத்துப்போடுங்க.”

ரஞ்சிதா அவர்களுடைய ஆட்டங்களைத் திறந்து பார்த்தாள். இருவரும் ஒருமுறைகூட ஒருவரோடு ஒருவர் ஆடியிருக்கவில்லை. பார்த்து முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதை முன்னாடியே செய்திருக்கலாம் என்பதுதான் அவளைக் குத்தியது.

முதலாளி தீனதயாளனிடம் போய்ச் சொன்னாள்.

“பரிசெல்லாம் கொடுத்தாச்சு ரஞ்சிதா. இப்பத் தப்புன்னா எல்லாப் போட்டியையும் சந்தேகப்படுவாங்க. சத்தமில்லாம அந்த எழுத்தை எடுத்துடு.”

எடுத்துவிட்டாள். சத்தமில்லாமல் எடுத்தது இன்னும் கேவலமாக இருந்தது. சனிக்கிழமை எருமப்பட்டிக்குப் போக நாமக்கல் பஸ் ஏறிவிட்டாள்.

பண்ணையில் வேலை முடிகிற நேரம். பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். சண்முகப்பிரியா அவளை அண்ணியிடம் கூட்டிப்போனாள்.

“அந்த விதியை எழுதுனது நானுங்க. தப்பு என்னுதுங்க” என்றாள் ரஞ்சிதா.

உண்ணாமலை கோபப்படவில்லை. “அதுக்கா சாமி இத்தனை தூரம் வந்தே? எங்க சூப்பர்வைசரு அங்கமுத்தும் அந்த ஆட்டம் ஆடறவரு. எம் பேரைப் பாத்துப்போட்டு எல்லார்த்துகிட்டயும் காட்டிட்டாரு. அன்னைலருந்து ஊட்டுக்குப் போறப்ப எம் பையை மட்டும் தொறந்து பாக்கறாரு. முட்டை எடுத்துட்டுப் போறனான்னு.”

 ரஞ்சிதா நேரே வாசலில் நின்ற அங்கமுத்துவிடம் போனாள். எல்லோரும் கேட்கும்படி, “இவங்க ரெண்டு பேரும் ஏமாத்தலைங்க. நான் சரியாப் பாக்காமப் போட்டதுங்க” என்றாள்.

“அட, சும்மா வெளையாட்டுக்குங்க” என்று அங்கமுத்து சிரித்தார். “போ உண்ணாமலை, பையெல்லாம் காட்ட வேண்டாம்.”

உண்ணாமலை போகவில்லை. தானே பையைத் திறந்து, சோறு கொண்டுவந்த தூக்குப்போசியை வெளியே எடுத்து மூடியைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் மூடிக்கொண்டு நடந்தாள்.

திரும்பி வந்த ரஞ்சிதா, தீனதயாளனைக் கேட்காமலே, ஆட்டத்தின் முகப்பில் தன் பெயரைப் போட்டு மன்னிப்பு எழுதினாள். இரண்டு பேரையும் பழைய இடத்தில் வைத்தாள். அவர் கத்தித் தீர்த்தார். பிறகு அவரே இருவருக்கும் பரிசு அனுப்பச் சொன்னார். ஒரு ஆள் ஆட்டங்களைப் பார்த்து, சம்பந்தப்பட்டவரிடமும் பேசிய பிறகுதான் யாரையும் நீக்கலாம் என்று விதி மாறியது.

சித்திரைப் போட்டியில் சண்முகப்பிரியா ஆடினாள். உண்ணாமலையைக் காணோம். ரஞ்சிதா போன் செய்தாள்.

“அண்ணி ஆடறதில்லீங்க” என்றாள் சண்முகப்பிரியா. “புலியைக் கட்டறதுல அண்ணியை மிஞ்ச எங்கூர்ல ஆளில்லை. ஆனா போனைக் கையில குடுத்தாத் திருப்பிக் குடுத்துருது.”

“எம்மேல கோவமாங்க?”

“அதெல்லாம் இல்லீங்க. உங்களை நல்ல புள்ளைன்னுதான் சொல்லுது.”

திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே ரஞ்சிதா போனை வைத்தாள்.