பளபளக்கா தேய்த்த செப்புக்காசு

கதவுக் கைப்பிடிகளுக்கும் குழாய்களுக்கும் பாலிஷ் போடும் பட்டறையில் அவளுக்குப் பளபளக்கா என்று பெயர். கூட்டிப் பெருக்க வந்தவள்தான். பாலிஷ் சக்கரத்துக்கு ஆள் வராத ஒரு நாளில், முதலாளி கண்ணில் படாமல் ஒரு கைப்பிடியை வைத்துப் பார்த்தாள். மின்னிய கைப்பிடியை முதலாளி பார்த்ததும் துடைப்பம் வேறு கைக்குப் போயிற்று. சுழலும் துணிச்சக்கரத்தில் பித்தளையை எவ்வளவு அழுத்தலாம், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரே ஒரு குறை, கறுத்த உலோகத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் நின்றால்கூடக் கம்பியைக் கைக்குட்டையால் துடைப்பாள்.

“அக்கா, டிரைவர் உனக்குச் சம்பளமா தரப்போறார்?” என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி செய்வார்கள்.

அந்தக் கைதான் அவளை மாட்டிவிட்டது.

அவளுடைய கொழுந்தன் அடுத்தவர் வேனை வாடகைக்கு ஓட்டுகிறவன். அப்பாவின் பழைய பெட்டியை ஒழித்தபோது அவனுக்கு ஒரு செப்புக்காசு அகப்பட்டது. ஒரு பக்கம் ஏதோ ஒரு ராஜாவின் தலை, மறு பக்கம் வருடம். அதே மாதிரிக் காசு லட்சக்கணக்கில் விலைபோனதாக செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டான். சொந்த வேன் வாங்கும் ஆசை அப்போதே முளைத்துவிட்டது. வீட்டில் பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள் என்று காசை அண்ணியிடம் கொடுத்துவைத்தான். விற்கிற பொருள் கறுத்துக் கிடக்கலாமா என்று அவள் அதைப் பட்டறைக்கு எடுத்துப் போனாள். மாலையில் கண்ணாடி மாதிரி திருப்பிக் கொடுத்தாள்.

“அண்ணி! என்ன காரியம் பண்ணிட்டீங்க? தேய்ச்சா மதிப்பே போயிடும்னு அந்த வீடியோக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னானே!”

“அழுக்காத்தானேப்பா இருந்துச்சு?”

“அந்த அழுக்குக்குத்தான் காசே!”

அவள் வளையலைக் கழற்றப் போனாள். “என் வளையலை வித்தாவது ஈடுகட்டிடறேன்.”

“உங்க வளையலுக்கு வேன்ல ஒரு டயர் வரும்” என்றான் அவன்.

மறுநாள் இருவரும் பழைய காசுக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காசை விளிம்பில் பிடித்து வாங்கினார். எடை போட்டார். பூதக்கண்ணாடியில் வருடத்தைப் பார்த்தார். அதன் கீழே, காசை அடித்த நாணயச்சாலையைக் காட்டும் சின்னப் புள்ளியையும் பார்த்தார்.

“யார் துலக்கினது?”

“நான்தாங்க” என்றாள்.

“நல்ல கை. பழைய காசுல மட்டும் வைக்காதீங்கம்மா.” சொல்லிக்கொண்டே ஒரு இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அதே ராஜா, குவியல் குவியலாக. “இந்த ரகத்துல ஒரே ஒரு வருஷத்துக் காசுதான் அபூர்வம். இது அது இல்லை. இதைக் கோடிக்கணக்குல அடிச்சு விட்டிருக்காங்க.”

கொழுந்தன் இழுப்பறைக்குள் எட்டிப் பார்த்தான். அவளுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

“ராஜாவுக்குக் காதே தெரியலையே. முடியெல்லாம் வழுக்கையாப் போயிருக்கு. என் சக்கரம் தின்னுடுச்சா?”

அவர் குவியலிலிருந்து ஒரு கறுத்த காசை எடுத்து அருகில் வைத்தார். அதிலும் ராஜாவுக்குக் காது இல்லை. “உங்க சக்கரம் கறுப்பைத்தான் எடுத்திருக்கு. எடை அப்படியே இருக்கு பாருங்க. காதைத் தின்னது ஜனங்களோட பாக்கெட்டும் சுருக்குப்பையும்.”

“தேய்க்காம இருந்தா என்னங்க தேறும்?”

“ரெண்டு டீ.”

“இப்போ?”

“ஒரு டீ. அதுவும் சர்க்கரை இல்லாம.”

அவள் அங்கே கிடந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த வேன் இறங்கிப் போனது.

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். “போன்ல ஒருத்தர் வாங்கிக்கறேன்னாரே? பதிவுக் கட்டணம் மட்டும் முன்னாடியே அனுப்பச் சொன்னார்.”

“அனுப்பிட்டீங்களா?” கடைக்காரர் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

“நேத்தே அனுப்பியிருப்பேன். அண்ணி தேய்ச்சு வச்சுட்டாங்களேன்னு, எதுக்கும் முதல்ல உங்களைக் கேட்டுக்கலாம்னு வந்தேன்.”

“அது ஏமாத்துக் கும்பல். அந்தக் கட்டணத்தை உங்க அண்ணிக்குக் கொடுங்க.”

தெருவுக்கு வந்ததும் அவன் அந்த எண்ணைத் தேடி அழித்தான். முகத்தில் அசடு வழிந்தது. அவளுக்கோ அகோரப் பசி.

“வாப்பா லட்சாதிபதி, அண்ணிக்குச் சோறு வாங்கிக் கொடு.”

எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் தன் தட்டை வழித்து முடித்துவிட்டு, கேட்காமலேயே அவன் தட்டிலும் கைவைத்தாள். அவன் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, இன்னொரு சாப்பாடு சொன்னான்.