ஏகாதசி மாத்திரை

என் அப்பாவின் கை ஏகாதசியன்று மட்டும் நடுங்காது. இதை நம்பச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தவில்லை. எனக்கே நம்பப் பிடிக்கவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் அப்பாவுக்கு மளிகைக் கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் அவருடைய வலது கையில் நடுக்கம் தொடங்கியது. தராசு பிடிக்கிற கை அது. முள் நிற்காமல் ஆட, சாமான் வாங்க வந்தவர்கள் தராசைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். "இன்னாபா, முள்ளு டான்ஸ் ஆடுது" என்று ஒருவர் கேலி செய்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அடுத்த வாரம் தராசை என்னிடம் கொடுத்துவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு நடையும் போயிற்று. எழுந்து நின்றால் அடுத்த அடி வராது, அப்படியே நிற்பார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நடுக்குவாதம் என்றார்கள். மூளையில் ஊற வேண்டிய ஏதோ ஒன்று வற்றிவிட்டதாம். அப்படியானால் அதையே ஊசியில் ஏற்ற வேண்டியதுதானே என்று கேட்டேன். ஏற்றினாலும் மூளைக்குள் போகாது என்றார் டாக்டர். ரத்தத்தில் கலந்ததெல்லாம் அங்கே நுழைந்துவிட முடியாது, நடுவில் ஒரு காவல் கதவு மாதிரி இருக்கிறது, அதனால் உள்ளே போக முடிந்த வேறொன்றை மாத்திரையாகக் கொடுக்கிறோம், போன பிறகு அது தேவையானதாக மாறிக்கொள்ளும் என்றார். புதிதாக வந்த மாத்திரை. எனக்குத் தலை சுற்றியது. உடம்பெல்லாம் ஓடுகிற ரத்தத்துக்குக் கழுத்துக்கு மேலே மட்டும் வேறு சட்டமா?

வெளியே பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் மனைவிக்குத் தலைக்குள் புற்றுநோய்க் கட்டி. அங்கேயும் இந்தக் கதவுதான் தடையாம். அதைத் தாண்டிப் போகிற மருந்து இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். "உங்களுக்காவது ஒண்ணு வந்திருக்குதே" என்றார் அவர்.

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அது போதும். இங்கிலீஷ் மருந்து சூடு, சூட்டுக்குப் பால். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு பெரிய தம்ளர் பசும்பால். எதிரே நின்று குடிக்கவைத்து, காலித் தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

மாத்திரை ஒரு வேளை கேட்கும், மறு வேளை அதைத் தெருவில் எறிந்த மாதிரி இருக்கும். ஏகாதசியில் மட்டும் பிசகாது. அன்றைக்கு அப்பா துளசித் தீர்த்தம் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டார். மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்குவார். கொஞ்சம் குமட்டும். அப்புறம் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வரதரைச் சேவிக்கத் தனியாகவே கிளம்பிவிடுவார். தெருவே வாசலுக்கு வந்து பார்க்கும்.

அம்மாவுக்கு இதில் குழப்பமே இல்லை. "தலைக்குள்ள ஒரு கதவு இருக்குதுன்னு டாக்டரே சொன்னாரில்ல? சீரங்கத்துல சொர்க்க வாசல் எப்ப தெறக்குறாங்க? ஏகாதசிக்குத்தானேமா."

"அது வருசத்துக்கு ஒரு தபா. இது மாசத்துக்கு ரெண்டு தபா தெறக்குதே."

"பெருமாள் இன்னா, கணக்கா பாத்துக்கினு இருப்பாரு?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

குழப்பமெல்லாம் எனக்குத்தான். மாத்திரையை நம்பினால் ஏகாதசி புரியவில்லை. பெருமாளை நம்பினால் மாத்திரை எதற்கு? நடுவில் இன்னொரு சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா நினைத்தால் முடிகிறது, எங்களுக்காக நினைப்பதில்லை. கோவிலுக்கு நடக்கிறவர் கடைக்கு ஏன் நடப்பதில்லை என்று கோபம் கோபமாக வரும்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. என் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்க்க அப்பாவால் ஆகுமா என்பதே வீட்டில் பேச்சு. சித்தப்பா செய்யட்டும் என்றார்கள். எனக்கு அப்பாதான் வேண்டும். முகூர்த்தத்தை ஏகாதசியில் வைக்கலாமா என்று கேட்டேன். பந்தியில் துளசியா போடுவது என்று சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அம்மா அவருக்குத் தெம்பேற்றத் தொடங்கினாள். பாலோடு உளுந்தங்கஞ்சியும் சேர்ந்தது, மதியம் கெட்டிப் பருப்பு. கல்யாண வாரத்தில் அவரை இரண்டு பேர் தூக்கி உட்காரவைக்க வேண்டியிருந்தது. பந்தல்காரர்கள் வந்தபோது நான் கொல்லையில் நின்று அழுதேன்.

எங்கள் வழக்கப்படி பெண்ணைப் பெற்றவர்கள் தாரை வார்க்கும்வரை தண்ணீர் தவிர எதுவும் தொடக் கூடாது. அன்று விடியற்காலையில் அப்பா மாத்திரையை அந்தத் தண்ணீரிலேயே விழுங்கினார். மேடைக்குத் தானே நடந்து வந்தார். என் கையைப் பிடித்த அவர் கை அசையவில்லை. அம்மா சொம்பிலிருந்து நீர் வார்த்தாள். சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானோ, இன்றைக்கு என்ன திதி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏகாதசி இல்லை என்று நன்றாகத் தெரியும்.

சாயங்காலம், பந்தியில் வயிறாரச் சாப்பிட்ட அப்பா, என்னை வழியனுப்ப எழுந்திருக்க முடியாமல் நாற்காலியிலேயே இருந்தார்.

பட்டணத்தில் குடித்தனம் போட்ட மறு வருஷம் அவரை அங்கே ஓர் இளம் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரையை எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். "பாலோடதான். ஒரு வேளை தப்பாது" என்றார் அப்பா, பெருமையாக. டாக்டர் தலையை ஆட்டினார். பாலிலும் பருப்பிலும் இருக்கிற சத்து மூளைக்குள் போவதும் இந்த மருந்து போகிற அதே வழியாகத்தானாம். அது கூட்டமாக வந்து மறித்துக்கொண்டால் மருந்து வெளியே நின்றுவிடுமாம். கருடசேவைக் கூட்டத்தில் கோபுர வாசலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். டாக்டர்களுக்கே இப்போதுதான் தெரியவருகிறது என்றார்.

ஊர் திரும்பும் பஸ் வாலாஜாபாத் தாண்டியதும் அப்பா சொன்னார். "உங்கம்மாகிட்ட இத சொல்லாதமா. இத்தினி நாளா எதிர நின்னு ஊத்திக் குடுத்தா. தாங்க மாட்டா."

"அப்ப பாலக் குடிச்சிக்கினே இருக்கப்போறியாப்பா?"

"நான் பாத்துக்கிறேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தம்ளரோடு வந்தாள். "வாணாம். பால் குடிக்கிறதப் பெருமாளுக்கு விட்டுட்டேன். பருப்புகூட இனிமே ராத்திரிக்குத்தான்" என்றார் அப்பா. காசிக்குப் போகிறவர்கள் பிடித்த ஒன்றை விட்டுவிட்டு வருவார்களே, அப்படி. பெருமாளுக்கு விட்டதை எதிர்த்துப் பேச அம்மாவால் முடியாது. சில நாளில், நான் பட்டணம் திரும்பும் முன்பே, அப்பா கடைக்கு நடந்து வந்து தராசைத் தூக்கிப் பார்த்தார். முள் ஓரளவு நின்றது.

அப்புறம் அம்மா செய்ததுதான் என்னைத் திணறடித்தது. அவர் விட்டதைத் தான் மட்டும் குடிப்பதா என்று அவளும் பாலை விட்டாள். காபிப் பைத்தியம் அவள். முகத்தைச் சுளித்துக்கொண்டு கருப்புக் காபி குடித்தாள். சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுக்கும்போதெல்லாம் அப்பா என்னைப் பார்ப்பார். நான் வேறு ஏதாவது பேசுவேன்.

அப்பா காலமான பிறகும் அவள் பாலைத் தொடவில்லை. ஒருநாள் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "ஏன்மா, இந்தப் பால முன்னாடியே விட்டிருந்தா, அந்த வருசமெல்லாங்கூட உங்கப்பா நல்லா நடந்துக்கினு இருந்திருப்பாரில்ல?"

"இருந்திருப்பாரும்மா" என்றேன்.

"நான்தான் விடாம குடுத்துக்கினே இருந்தேன்."

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அம்மா காபியைக் குடித்து முடித்தாள். காலித் தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.