கறுத்த சதுரம்

குழந்தைகளுக்குப் பேதி வராமல் தடுக்கும் சொட்டு மருந்துக் குப்பியைக் கையில் எடுத்ததும், வாய்க் காரத்தால் 'மிளகாய்' என்று பேர் வாங்கிய சிஸ்டர் மூடியைத் திறந்துவிட மாட்டாள். ஜன்னலடிக்குப் போவாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குப்பியை மூக்கு நுனிவரை கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வெளிறியிருந்தால் மருந்துக்கு உயிர் இருக்கிறது. சூடு பட்டு அதுவும் வட்டத்தைப்போல் கறுத்துவிட்டால் மருந்து வெறும் தண்ணீர்.

"வைரம் வாங்குறாப்புல பாக்குறாங்கப்பா" என்பார் சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதுகிறவர்.

அந்தப் புதன்கிழமை வண்டியில் வந்த மருந்துப் பெட்டியைத் திறந்ததுமே சிஸ்டருக்கு உறைத்தது. உள்ளே கை வைத்தால் சில்லிடவில்லை. ஐஸ் பைகளே இல்லை. எடுத்த குப்பியெல்லாம் கறுப்புச் சதுரம்.

"ஐஸ் பை எங்கடா?"

டிரைவர் தலையைச் சொறிந்தான். "முந்தாநாள் ஆபீசர் வீட்டு விசேஷம் சிஸ்டர். கூல்டிரிங்க்ஸ் ஜில்லுனு இருக்கணும்னு எடுத்துட்டாங்க. பெட்டி வண்டியிலேயே இருந்துச்சு."

"ரெண்டு நாளா வெயில்ல? நீ சோறுதான திங்கிற?"

போனில் அவள் சொன்னதைக் கேட்டு ஆபீசர் இழுத்தார். "இருபத்திமூணு பேரு காத்துக் கெடக்காங்கம்மா. குடுத்து அனுப்பு. சொட்டுதான, யாருக்குத் தெரியப்போவுது?"

"பச்சப்புள்ளைங்க வயித்தால போயி, கண்ணு குழி விழுந்து வரும்போது தெரியும் சார்." வைத்துவிட்டாள்.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் தாய்மாரின் கோபம் அவள்மேலேயே பாய்ந்தது. "எங்க பொழப்பு உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?" முணுமுணுத்துக்கொண்டே பெரும்பாலோர் கலைந்தார்கள். மூன்று பேர் நிழலில் ஒதுங்க, சலவைக் கடைக்காரி வாசலைவிட்டு நகரவில்லை.

"புள்ளைக்கு நாளையோட பதினஞ்சு வாரம் முடியுது சிஸ்டர். அதுக்கப்புறம் மொத சொட்டு கெடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க? போன வாரம் வந்தேன், மருந்து வரலன்னீங்க. மூத்தவனுக்குப் பேதி புடிச்சு ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தோம். இன்னொரு தடவ என்னால முடியாது."

சிஸ்டர் பெஞ்சைக் காட்டினாள். "இங்கயே ஒக்காரு. நகந்தே, காலை ஒடிச்சிருவேன்."

காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி தலைமை மருந்துக் கிடங்குக்குப் போனாள். ஆபீசர் கையெழுத்து இல்லாமல் தர முடியாது என்றார் கிடங்குக்காரர்.

"சரி, அது வர்ற வரைக்கும் இங்கயே நின்னு கத்துறேன். எனக்குத் தொண்டை வலிக்காது. கேட்டுப் பாருங்க, எங்க ஊட்டுக்காரரை."

கால் மணி நேரம் கத்தினாள். அவர் காதைப் பொத்திக்கொண்டு அலமாரியைத் திறந்தார். "எடுத்துட்டுக் கெளம்பு தாயே!"

நாலு மணிக்கு, புது ஐஸ் பைகளோடு பெட்டியை மடியில் வைத்தபடி திரும்பினாள். நாலு பேர்தான் மிச்சம். முதலில் சலவைக் கடைக்காரியின் குழந்தை. ஜன்னல், நெற்றிக்கு ஏறிய கண்ணாடி, ஒரு கண். சதுரம் வெளிறியிருந்தது.

"துப்புனே, தொலைச்சிருவேன்" என்று குழந்தையை மிரட்டி, கன்னத்தை அழுத்திச் சொட்டுகளை விட்டாள். அது முகத்தைச் சுளித்து விழுங்கியது.

மறுநாளே மெமோ வந்தது: மேலதிகாரியின் சொல்லை மீறியது ஏன்? அவள் ஒரே வரி எழுதினாள்: 'சதுரம் கறுத்திருந்தது.'

பின்னால்தான் தெரியவந்தது. அன்று காலை அதே வண்டியிலிருந்து இன்னும் மூன்று ஊர்களில் பெட்டி இறங்கியிருக்கிறது. அங்கிருந்து கறுத்துவிட்டதென்று ஒரு குப்பிகூடத் திரும்பி வரவில்லை.