வைபவம் பூத்த முற்றம்

கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் எங்கள் முற்றத்தில் கிளம்பும் சவர்க்காரத் தண்ணீரின் புளித்த வாடையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. கிணறு வற்றும் அந்த மாதங்களில் உடுப்புத் தோய்த்த தண்ணீர் அம்மாவின் மல்லிகைக்கு, ஊறிவரும் நல்ல தண்ணீர் அப்பாவின் செடிக்கு என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது.

வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபோது, அப்பா கிளாக்கராக இருந்த கந்தோரின் துரைசாணி, மலைநாட்டிலிருந்து எடுப்பித்த பூச்செடி ஒன்றைச் சாடியோடு அவரிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாள். 'வைபர்னம்' என்று அவள் சொல்லிக்கொடுத்த பெயரை அப்பா மந்திரம் போல உச்சரிப்பார். அயலவர் வாயில் அது 'வைபவம்' ஆயிற்று. "என்ன, உங்கட வீட்டில வைபவம் எப்ப?" என்று வேலிக்கு மேலால் கேட்டுச் சிரிப்பார்கள். கலியாண வயதில் அக்கா இருந்த வீட்டில் அந்தக் கேள்வி எப்படிச் சுடும் என்று அப்பாவுக்கு விளங்கவே இல்லை.

"துரைசாணி நம்பித் தந்தது, வாட விட ஏலாது" என்பார். வாடியது மல்லிகைதான். விடியற்காலையில் பூக்கொய்து, கட்டி, தலையில் வைத்துக்கொண்டுதான் அம்மா குசினிக்குள் போவார். அவருக்கென்று இருந்த ஒரே ஆசை அது. அக்காவின் கலியாணத்துக்கும் அந்தக் கொடியையே நம்பியிருந்தார். ஆவணியில் கலியாணம் வந்தபோது கொடி சுள்ளியாகிவிட்டது.

பக்கத்து வீட்டு ஹாஜரா ராத்தா கேட்காமலே தன் முற்றத்து மல்லிகை முழுவதையும் கொய்து சுளகில் கொண்டுவந்தார். அதே காலையில் அப்பா, முதன்முதலாக ஒரு வெள்ளைக் கொத்துப் பூத்திருந்த தன் செடியை விருந்தாளிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா நேரே போய்க் கொத்தை முறித்து அவர் கையில் கொடுத்தார்.

"இந்தாங்கோ, உங்கட மகளின்ர தலையில நீங்களே வையுங்கோ."

அவரோ முறிந்த கிளையைத் தடவிக்கொண்டு நின்றார். அக்கா ராத்தாவின் பூவோடு மணவறைக்குப் போனாள்.

இன்று அந்த வீடு இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, வைபவமும் எப்போதோ பட்டுப்போயிற்று. அப்பாவை நல்ல மனிதர் என்று ஊர் சொல்கிறது, நான் சொல்வதில்லை. அவருடைய செத்தவீட்டில் அவரது தங்கை அம்மாவைக் கட்டிப்பிடித்து, "இனி உங்களுக்குப் பூ இல்லையே மச்சாள்" என்று ஒப்பாரி வைத்தார். அம்மா அழாமல் கேட்டார்:

"என்ர மல்லிகை பட்ட பிறகு நான் எங்க மச்சாள் பூ வச்சனான்?"