ரெய்னோ போட்ட பூட்டு

ரெய்னோ காங்காஸுக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. வானொலியில் வானிலை சொன்னால், வாசலில் நின்று மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோட்டை எடுப்பார். உறைந்த ஏரியின் மேல் பத்து லாரி நின்றாலும், தானே ஒரு துளை போட்டுப் பனிக்கட்டியின் கனம் பார்க்காமல் காலை வைக்கமாட்டார். மினசோட்டாவின் வடக்கே இரும்புச் சுரங்கத்தில் முப்பத்தைந்து வருடம் மின்சார வேலை பார்த்த மனிதர். அங்கே ஒரு விதி உண்டு. இயந்திரத்தில் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, அந்தச் சுவிட்சில் தன் பெயர் எழுதிய பூட்டைப் போட வேண்டும். கூட வேலை செய்பவன் சொந்தத் தம்பியே ஆனாலும் சாவியைக் கொடுக்கக் கூடாது. அந்த விதியால் அவருக்குப் பத்து விரலும் மிச்சம். ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் அந்தச் சிவப்புப் பூட்டை அவர் தூக்கிப் போடவில்லை.

அந்த டிசம்பரில் அவர் நம்பாமல் போனது மனைவி ஆர்டிஸை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அரிசோனாவுக்குப் போகப் போகிறேன் என்று அவள் சொன்னாள். அங்கே தங்கை பெவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதுவரை சரி. ஆனால் சமையலறை மேஜையில் கிடந்த விமான டிக்கெட்டை ரெய்னோ எடுத்துப் பார்த்தார். போவதற்கு மட்டும்தான் இருந்தது. வருவதற்கு இல்லை.

"திரும்பி எப்போ?"

"பெவ் கால் எப்படித் தேறுதுன்னு பாக்கணும்ல."

"ஒரு காலுக்கு எத்தனை மாசம்?"

"அவளுக்கு ரெண்டு கால் இருக்கு, ரெய்னோ."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம். நாற்பது வருடத்துக்குப் பிறகு ஒருத்தி ஒருவழி டிக்கெட் எடுக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று முழுக்க யோசித்தார். யோசிக்க யோசிக்க ஒரே அர்த்தம்தான் வந்தது.

அதே வாரம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நடைச்சுவரில், வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பழைய வட்டத் தெர்மோஸ்டாட், எப்போதும் அறுபத்திரண்டில் நிற்கும். அறுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் வீட்டுக்குள் தடித்த கம்பளிச் சட்டையோடு நடமாடலாம். ஆனால் யாரும் செத்துப்போக மாட்டார்கள் என்பது அவர் கட்சி. குளிர்கிறவர்களுக்குத்தான் சனிக்கிழமை தோறும் கொல்லையில் சவுனா என்கிற வேர்வைக் குளியலறைக்கு அடுப்பு மூட்டுகிறாரே. வாரத்தில் ஒருநாள் வெந்து எழுந்தால் மற்ற ஆறு நாளுக்குப் போதாதா? அந்த அறுபத்திரண்டுக்கு நேராக அவர் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்திருந்தார். மீன் பிடித்துவிட்டு வந்த ஒரு மாலையில், முள் அந்தக் கோட்டைத் தாண்டி நூலளவு நகர்ந்திருந்தது.

அவருக்குச் சுருக்கென்றது. முதுகுக்குப் பின்னால் முள்ளை நகர்த்துகிறவள் இன்னும் எதையெல்லாம் நகர்த்துகிறாளோ?

"குளிருதா உனக்கு?" என்று ஒருதரம் கேட்டுப் பார்த்தார்.

"இல்ல, பரவாயில்ல" என்றாள் ஆர்டிஸ், பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து தலை நிமிராமல்.

பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டி, மறுநாளே வெர்னனின் ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

"காபி?" என்றார் வெர்னன்.

"வேண்டாம்ப்பா."

"இப்பத்தான் இறக்கினேன், சூடா இருக்கு."

"உனக்கெதுக்கு வீண் சிரமம்."

"யோவ், குடிக்கலேன்னா கொட்டத்தான் போறேன்."

"சரி, அரைக் கப் ஊத்து."

அந்த ஊரில் காபி இப்படித்தான் குடிக்கப்படும். முதல் இரண்டு தடவை மறுப்பது மரியாதை. மூன்றாவது தடவை கேட்டால்தான் உள்ளதைச் சொல்வார்கள். இரண்டோடு நிறுத்திவிடுகிற ஆள், உண்மையில் கொடுக்க மனமில்லாதவன்.

வெர்னன் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். "இது டிஜிட்டல். யார் எப்போ தொட்டாலும் நேரத்தோட குறிச்சு வெச்சுக்கும். வீட்டுல ஆள் நடமாட்டம் இல்லேன்னா அதையும் குறிக்கும். நாலு நம்பர் போட்டுப் பூட்டவும் செய்யலாம்."

"அதான் வேணும்."

"உன் வீட்டுல நீயும் ஆர்டிஸும்தானே? யாருக்குய்யா பூட்டு?"

"பூனைக்கு."

"உன்கிட்ட ஏது பூனை?"

"நாளைக்கு ஒண்ணு வந்துட்டா?"

வீட்டுக்கு வந்ததும் நிலவறைக்குப் போய் மின்சாரத்தை நிறுத்தி, தன் சிவப்புப் பூட்டைத் தொங்கவிட்டார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றதும் வீடு மளமளவென்று ஆறத் தொடங்கியது. ஆர்டிஸ் கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு டார்ச் பிடித்தாள்.

"பூட்டு எதுக்கு? வீட்டுல நான் ஒருத்திதானே இருக்கேன்."

"விதின்னா விதி. டார்ச்ச நேராப் பிடி."

"நேராத்தான் பிடிச்சிருக்கேன். கைதான் ஆடுது."

கை ஏன் ஆடுகிறது என்று அவர் கேட்கவில்லை. பழைய வட்டத்தைக் கழற்றி, கம்பிகளைப் போனில் படம் பிடித்து, ஒவ்வொன்றிலும் அது மாட்டியிருந்த திருகின் எழுத்தைக் காகிதத்தில் எழுதி ஒட்டினார். நிறத்தை நம்பக் கூடாது, அது எந்த எழுத்தில் மாட்டியிருந்ததோ அதை மட்டும்தான் நம்ப வேண்டும். அவர் நம்பாதது நல்லதாகப் போயிற்று. சூட்டுக்கு வெள்ளைக் கம்பி வர வேண்டிய இடத்தில் பச்சை மாட்டியிருந்தது.

"எந்தக் குடிகாரப் பய மாட்டின வேலை இது? கண்ணு பிடரியில இருந்துச்சா அவனுக்கு?"

ஆர்டிஸ் டார்ச்சைச் சற்றே இறக்கினாள். சுவருக்குள்ளிருந்து வந்த கம்பியில் பழுத்துப்போன ஒரு டேப் சுற்றியிருந்தது. அதில் 'ரெ. கா., 1986' என்று அவர் கையெழுத்தே இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

பழையதற்கு இரண்டு கம்பி போதும். புதியதன் திரைக்கு எந்நேரமும் மின்சாரம் வேண்டும் என்பதால் மூன்றாவதாக ஒன்று தேவை. சுவருக்குள் சும்மா சுருண்டு கிடந்த நீலக் கம்பியை இழுத்து மாட்டினார். கீழே போய் அதன் மறுமுனையை ஃபர்னஸுக்குள் முறுக்கினார். பூட்டை எடுத்து மின்சாரத்தைக் கொடுத்தும் மேலே திரை இருட்டாகவே கிடந்தது. தயாரித்தவன், விற்றவன், அவர்கள் பரம்பரை என்று எல்லோரையும் ஒரு சுற்றுத் திட்டிய பிறகுதான், ஃபர்னஸின் முன்தகடு சரியாக அமரவில்லை என்பது தெரிந்தது. அது அமர்ந்தால்தான் உள்ளே இருக்கும் சுவிட்ச் அழுந்தும். முழங்காலால் ஒரு தட்டு தட்டினார். மேலே வெளிச்சம் வந்தது. ஐம்பத்தேழு என்று காட்டியது.

ஆர்டிஸ் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு விரலால் திரையைத் தொட்டாள். நான்கு காலிக் கட்டங்கள் வந்தன.

"என்ன கேக்குது இது?"

"அதுவா... யாராவது தெரியாமத் தொட்டுடக் கூடாதுன்னு."

"யாராவது" என்றாள் ஆர்டிஸ். பிறகு, "ம். வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள். அவருடைய அத்தை கொண்டுவந்த, வாயில் வைக்க முடியாத மீன் களிக்கும் அவள் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தாள்.

ஒரு வாரம் பொறுத்து, அவள் குளிக்கும் நேரமாகப் பார்த்து, ரெய்னோ குறிப்புகளைத் திறந்தார். யாரும் தொடவில்லை. ஒருதடவைகூட. ஆனால் பூட்டுப் போட்ட மறுநாளிலிருந்து, அவர் ஏரிக்குப் போன நாளெல்லாம், காலை ஒன்பதரையிலிருந்து இரண்டே முக்கால் வரை ஒரே வாசகம்: 'வீட்டில் ஆள் இல்லை.'

தினமும் மாலையில், "என்ன பண்ணின இன்னிக்கி?" என்று கேட்பார். "ஒண்ணும் விசேஷமில்ல, பின்னிக்கிட்டிருந்தேன்" என்பாள். ஐந்து மணி நேரம் எங்கே போய்ப் பின்னுகிறாள்? யாரோடு?

மறுநாள் தூண்டிலையெல்லாம் தன் பிக்கப் லாரியில் ஏற்றிவிட்டு, ஏரிக்குப் போகாமல் தேவாலயத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த லாரி அது. மூன்று பேர் கையசைத்துவிட்டுப் போனார்கள். ஒன்பது நாற்பதுக்கு ஆர்டிஸின் சாம்பல் கார் வந்தது. பின்தொடர்ந்தார். அது காசு போட்டுத் துவைக்கும் சலவைக் கடை முன்னால் நின்றது.

சலவைக் கடை! வீட்டில் நல்ல துவைக்கும் இயந்திரம், இவரே பெல்ட் மாற்றிப் போட்டது, குத்துக்கல்லாக இருக்கிறது. அப்படியானால் துணிக்காக வரவில்லை. யாரையோ பார்க்கத்தான் வருகிறாள். இருபது நிமிடம் லாரிக்குள்ளேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். உள்ளே வேறு யாரும் போகவில்லை. கண்ணாடிச் சன்னலெல்லாம் உள்ளிருந்து ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

கல்லாவில் இருந்த டார்லா நிமிர்ந்தாள். "வாங்க ரெய்னோ. ஆர்டிஸைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா? நீங்களாவது சொல்லுங்க. ஒரு வாரமா, காஞ்ச துண்டு ஒண்ணக் கொண்டாந்து, திரும்பத் திரும்பக் காயப் போடுறாங்க. சும்மாவே உக்காருங்கம்மான்னா கேக்க மாட்டேங்குறாங்க. சும்மா இடத்த அடைச்சா மரியாதையா இருக்காதாம்."

கடைசி வரிசையில், சுற்றிக்கொண்டிருந்த உலர்த்தும் இயந்திரத்தின் கண்ணாடியில் முதுகை ஒட்டி வைத்து ஆர்டிஸ் உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்பளி நூல். கோட் இல்லை, ஸ்வெட்டரும் இல்லை. சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். வீட்டில் அவள் முழங்கையை இவர் பார்த்து எத்தனை மாதம் இருக்கும்? கன்னம் இரண்டும் சிவந்து, பத்து வயது குறைந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒற்றைத் துண்டு ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தது.

ரெய்னோவுக்கு வெட்கமாக இருந்தது. வேறு பெயரெல்லாம் அதற்கு வேண்டாம். பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முதுகில் சூடு பட்டது. நன்றாகத்தான் இருந்தது.

"மீன் கிடைக்கலியா?" என்றாள் ஆர்டிஸ்.

"வீட்டுல உனக்குக் குளிருதா?"

"இல்ல, பரவாயில்ல."

"ஆர்டிஸ், குளிருதா?"

"சமாளிச்சுக்கலாம். எல்லாரும் சமாளிக்கலியா?"

வழக்கமாக இதற்கும் முன்னாலேயே அவர் எழுந்து போயிருப்பார். ஊரில் கண்டவனிடமும் அரைக் கப் காபிக்காக மூன்று தடவை கேட்கவும் கேட்கப்படவும் தெரிந்த மனிதருக்கு, கட்டின மனைவியிடம் இரண்டாவது தடவை கேட்டதாகவே நினைவில்லை.

"குளிருதா, சொல்லு."

பின்னல் ஊசிகள் நின்றன. "நாப்பது வருஷமா குளிருது, ரெய்னோ."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "ஒண்ணு, ஒம்பது, எட்டு, ஆறு" என்றார்.

"என்னது?"

"பூட்டு நம்பர்."

வீட்டுக்கு அவர் லாரி முன்னே போயிற்று, அவள் கார் பின்னே வந்தது. கோட்டைக் கழற்றாமல் ஆர்டிஸ் நேராக நடைச்சுவருக்குப் போய் நான்கு எண்ணையும் அழுத்தினாள். எழுபது வரை ஏற்றினாள். அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எழுபத்தொன்று ஆக்கினாள். கீழே ஃபர்னஸ் குப்பென்று பற்றிக்கொண்டது.

"அரிசோனாவுலேர்ந்து திரும்பி வருவியா?" என்றார் ரெய்னோ, அவள் முதுகைப் பார்த்து.

"பெவ் கால் எப்படி இருக்குன்னு பாப்போம்."

"வருவியா?"

"பாப்போம்னு சொன்னேன்ல."

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடையிலேயே நின்றார். சுவரின் அடியிலிருந்து சூடான காற்று வந்து காலில் பட்டது. ஆர்டிஸ் கோட்டுப் பொத்தான்களை மெதுவாக, ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"ரெய்னோ, இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கு" என்றாள்.

அவர் கேட்டார்.